மண்ணே மூத்தவள்: பண்டைய கிரேக்கத்தில் பூமித்தாய் வழிபாடு

கிரேக்கப் புராணத்தில் ஒலிம்பஸ் தெய்வங்களுக்கெல்லாம் மூத்தவள் கையா. அவளே மண். வானம் அவள் பெற்ற பிள்ளை. மலைகளும் கடலும் அவள் பெற்றவையே. ஒலிம்பஸில் அரசு வீற்றிருக்கும் ஜீயஸ் அவளுக்குப் பேரன். இத்தனை பெரிய தாய்க்குக் கிரேக்கர்கள் எழுப்பிய பெருங்கோயில் எது என்று தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. அத்தீனாவுக்கு ஏதென்ஸில் பார்த்தனான் உண்டு. ஜீயஸுக்கு ஒலிம்பியாவிலும், ஹீராவுக்கு சாமோஸ் தீவிலும், ஆர்ட்டெமிஸுக்கு எஃபெசஸிலும் மாபெரும் கோயில்கள் எழுந்தன. கையாவுக்குக் கிடைத்தவை சாம்பலால் ஆன ஒரு பலிபீடம், தரையில் ஒரு பிளவு, பாறையில் ஓர் எழுத்து, பிற தெய்வங்களின் வளாகத்தில் ஒரு மூலை.

புராணத்தில் முதலிடம், வழிபாட்டில் ஓரிடம். இந்த இடைவெளிக்கு ஆய்வுலகம் இரண்டு விதமாக விடை சொல்லிவந்திருக்கிறது. ஒரு காலத்தில் அவளே தனிப்பெருந்தெய்வமாக இருந்தாள், பின்னர் வந்த ஆண் தெய்வங்கள் அவளை ஒதுக்கிவிட்டன என்பது முதல் விடை. அவள் கவிஞர்களின் கற்பனைப் பாத்திரம், மக்கள் வழிபாட்டில் அவளுக்குப் பெரிய இடமே இருந்ததில்லை என்பது இரண்டாவது. காவியங்களையும் கல்வெட்டுகளையும் பயணக் குறிப்புகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது இரண்டுமே போதாத விடைகள் என்று எனக்குத் தோன்றுகிறது. கிரேக்கர்கள் மண்ணைக் கோயிலுக்குள் தேடவில்லை. சத்தியம் செய்தபோதும், விதைத்தபோதும், பிள்ளை பெற்றபோதும், இறந்தோரைப் புதைத்தபோதும் அவளை அழைத்தார்கள்.

ஹெசியோட் காட்டும் கையா

கையாவின் கதைக்கு அடிப்படை நூல் கி.மு. 700ஐ ஒட்டி ஹெசியோட் பாடிய ‘தியோகனி’. முதலில் கேயாஸ் என்னும் வெறும்வெளி தோன்றியது. அடுத்து அகன்ற மார்புடைய கையா தோன்றினாள். துணை எதுவும் இல்லாமல் ஊரானோஸ் என்னும் வானத்தையும், மலைகளையும், பொன்டோஸ் என்னும் கடலையும் அவள் பெற்றாள். பிறகு வானத்தோடு கூடிப் பன்னிரண்டு டைட்டன்களையும், ஒற்றைக்கண்ணர் மூவரையும், நூறு கைகள் கொண்ட மூவரையும் ஈன்றாள்.

பிள்ளைகளை வெறுத்த ஊரானோஸ் அவர்களை வெளிச்சம் காண விடாமல் தாயின் உள்ளேயே அடைத்துவைத்தான். வேதனை தாளாத கையா கடினமான உலோகத்தில் பற்கள் கொண்ட ஓர் அரிவாளைத் தானே செய்து, பிள்ளைகளைக் கூட்டித் திட்டத்தைச் சொன்னாள். கடைசி மகன் குரோனோஸ் மட்டும் துணிந்து முன்வந்தான். தந்தையின் ஆண்குறியை அவன் அறுத்தெறிந்தான். சிந்திய குருதி மண்ணிலேயே விழுந்தது. அதிலிருந்து பழிவாங்கும் தேவதைகளான எரினியஸ்களும், அரக்கர்களும், மெலியாய் என்னும் மர அணங்குகளும் பிறந்தனர்.

ஆட்சி மாறியதும் கதை மீண்டும் நடந்தது. குரோனோஸ் தன் பிள்ளைகளை விழுங்கத் தொடங்கினான். மனைவி ரியா கடைசிப் பிள்ளையைச் சுமந்திருந்தபோது கையாவிடமும் ஊரானோஸிடமும் வழி கேட்டாள். அவர்கள் அவளைக் கிரீட் தீவுக்கு அனுப்பினர். பிறந்த ஜீயஸைக் கையாவே வாங்கிக்கொண்டாள். குரோனோஸுக்குத் துணியில் சுற்றிய ஒரு கல் கொடுக்கப்பட்டது. டைட்டன்களோடு நடந்த போரில் ஜீயஸ் வென்றதும் அவள் ஆலோசனையால்தான்: அடைபட்டிருந்த நூறு கையரை விடுவித்துத் துணைக்கு அழைக்கும்படி சொன்னவள் அவள்.

அதே கையா, டைட்டன்கள் வீழ்ந்த பிறகு பாதாளமான டார்டரோஸோடு கூடி டைஃபோன் என்னும் கொடிய பாம்புத்தலை அரக்கனைப் பெற்றாள். ஜீயஸின் அரசுக்கு நேர்ந்த பெரிய சோதனை அதுவே. பிற்காலத் தொகுப்பான அப்பலோடோரஸ் நூல் அரக்கர்களின் போரையும் அவள் கோபத்தின் விளைவாகவே சொல்கிறது. தன் மக்களைக் காக்கும் மூலிகையை அவள் தேடினாள். ஜீயஸோ விடியலையும் நிலவையும் கதிரவனையும் ஒளிரவேண்டாம் என்று தடுத்துவிட்டு, தானே முந்திச் சென்று அதை வெட்டிக்கொண்டான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோனில் செதுக்கப்பட்டு இன்று பெர்லினில் இருக்கும் புடைப்புச் சிற்பத்தில், அத்தீனா ஓர் அரக்கனின் முடியைப் பற்றி இழுக்க, தரையிலிருந்து இடுப்பளவு எழுந்து மகனுக்காக மன்றாடுகிறாள் கையா.

இந்தக் கதைகளில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கையா எந்த ஆட்சியையும் நிரந்தரமாக ஆதரிப்பதில்லை. பிள்ளைகளை அடைத்துவைப்பவன் கணவனானாலும், விழுங்குபவன் மகனானாலும், ஒடுக்குபவன் பேரனானாலும், அவள் அடைபட்டவர் பக்கம் சேர்கிறாள். சாதுவான வளர்ப்புத்தாயாக மட்டும் அவளைக் காட்டும் பிற்காலச் சித்திரம் ஹெசியோடிடம் இல்லை.

சத்தியத்துக்குச் சாட்சி

வழிபாட்டில் அவள் முதன்மையாக விளங்கிய இடம் சத்தியம். ஹோமரின் ‘இலியட்’ மூன்றாம் காண்டத்தில், ட்ராய் போரில் எதிரெதிராக நின்ற பாரிஸும் மெனெலாவோஸும் தனிப்போருக்கு உடன்படும்போது, மெனெலாவோஸ் இரண்டு ஆட்டுக்குட்டிகள் கொண்டுவரச் சொல்கிறான்: கதிரவனுக்கு வெள்ளைக் கிடா, மண்ணுக்குக் கறுப்புப் பெட்டை. பத்தொன்பதாம் காண்டத்தில் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னோன் ஜீயஸையும் மண்ணையும் கதிரவனையும் எரினியஸ்களையும் சாட்சி வைக்கிறான். தெய்வமான ஹீராகூட மண், வானம், பாதாளத்தின் ஸ்டிக்ஸ் ஆறு ஆகியவற்றின் பேரில் ஆணையிடுகிறாள். கதிரவன் மேலிருந்து எல்லாவற்றையும் காண்பவன். மண்ணோ யாரும் விட்டு விலக முடியாதவள். பொய் சொன்னவனும் கடைசியில் அவளுக்குள்தான் போகவேண்டும்.

இந்தச் சாட்சிப் பொறுப்பின் அழகான வெளிப்பாடு கவிதையில் இருக்கிறது; அதை எழுதியவர் ஓர் அரசியல் தலைவர். கி.மு. 594இல் ஏதென்ஸின் ஆட்சிப் பொறுப்பேற்ற சோலோன், கடனில் மூழ்கிய உழவர்களை விடுவித்தார். கடனுக்குக் கட்டுப்பட்ட நிலங்களில் நட்டிருந்த கற்களைப் பிடுங்கியெறியச் செய்தார். பின்னர் எழுதிய பாடலில், காலத்தின் நீதிமன்றத்தில் தனக்காகச் சாட்சி சொல்லும்படி அவர் அழைப்பது ஒலிம்பஸ் தெய்வங்களின் தாயான கரிய மண்ணைத்தான். முன்பு அடிமைப்பட்டிருந்தாள், இப்போது விடுதலை பெற்றாள் என்று அவளைப் பற்றிப் பெருமையோடு கூறுகிறார். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ‘ஏதென்ஸ் அரசமைப்பு’ இப்பாடலைப் பாதுகாத்துத் தந்திருக்கிறது. பூமித்தாய் என்னும் எண்ணம் கிரேக்கத்தில் நிலவுரிமைக் கேள்வியோடும் பிணைந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டெல்ஃபியின் பழைய உடைமைக்காரி

டெல்ஃபி அப்பல்லோவின் ஊர். ஆனால் கி.மு. 458இல் அரங்கேறிய எஸ்கிலஸின் ‘யூமெனிடிஸ்’ நாடகம், அங்கு அருள்வாக்குச் சொல்லும் பூசாரிணி முதல் குறிகாரியான கையாவை வணங்குவதோடு தொடங்குகிறது. கையாவுக்குப் பின் மகள் தெமிஸ், அவளுக்குப் பின் ஃபீபி, அவளிடமிருந்து பிறந்தநாள் பரிசாக அப்பல்லோ என்று அந்தப் பீடம் அமைதியாகக் கைமாறுகிறது. யூரிப்பிடிஸ் இதைச் சண்டையாகப் பாடினார். தெமிஸை அப்பல்லோ விரட்டியதும் கையா சினந்து, இரவுக் கனவுகள் வழியே மனிதர்களுக்கு நேரடியாகவே வருங்காலத்தைச் சொல்லத் தொடங்கினாள். அப்பல்லோ தந்தையிடம் ஓடி முறையிட, ஜீயஸ் அந்தக் கனவுக் குரல்களை அடக்கினான்.

இக்கதைகளை வரலாறாகவே எடுத்துக்கொண்டவர்கள் பலர். 1892இல் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் டெல்ஃபியில் பெருமளவில் தோண்டத் தொடங்கினர். அத்தீனா கோயில் வளாகத்தில் மைசீனியக் காலச் சுடுமண் பெண் உருவங்கள் கிடைத்தன. கையாவே பழைய உடைமைக்காரி என்பதற்கு இவை சான்றாகக் காட்டப்பட்டன. ஆனால் அந்த உருவங்கள் எந்தத் தெய்வத்தைக் குறிக்கின்றன என்று அவற்றில் எழுதப்படவில்லை. அக்காலம் தொட்டு வழிபாடு அறுபடாமல் தொடர்ந்ததற்கும் சான்று இல்லை. ஆய்வாளர் கிறிஸ்டியான் சூர்வினு-இன்வுட் 1980களில் இதை அலசி, பழைய உடைமைக்காரர் கதை புராணத்தின் வேலையே என்று வாதிட்டார். ஒழுங்கற்ற தொன்மையிலிருந்து ஜீயஸின் ஒழுங்குக்கு உலகம் நகர்ந்ததை டெல்ஃபி தன் கதையாகச் சொல்லிக்கொண்டது என்பது அவர் வாதம். அது வலுவானது. எனினும் டெல்ஃபியில் கையா வெறும் கதையாக இருந்ததில்லை. அங்கேயே பூசாரியாக இருந்த புளூட்டார்க், அப்பல்லோ கோயிலுக்குத் தெற்கே ஊற்றருகில் அவளுக்கு ஒரு திருவிடம் இருந்ததைக் குறிப்பிடுகிறார்.

பலிபீடமும் பிளவும்

கையா வழிபாட்டின் நிலப்படத்தை வரைய நமக்கு உதவுபவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் பயணம் செய்து எழுதிய பாசனியாஸ். ஒலிம்பியாவில் சாம்பலால் ஆன அவளது பலிபீடத்தை அவர் பதிவுசெய்கிறார். முற்காலத்தில் அங்கேயும் அவள் அருள்வாக்கு இருந்ததாகச் சொல்லப்பட்டதாம். அக்காயா நாட்டின் ஏகாய் அருகே ‘அகன்ற மார்பினள்’ என்ற பெயரில் அவளுக்குத் திருவிடம் இருந்தது. மிகப் பழைய மரச்சிலை உள்ளே இருந்தது. அங்கு பூசை செய்பவள் பொறுப்பேற்ற நாள் முதல் பாலுறவைத் துறந்திருக்கவேண்டும். அதற்கு முன்பும் ஓர் ஆணுக்கு மேல் அறிந்திருக்கக் கூடாது. எருதின் குருதியைக் குடிக்கவைத்து அவள் மெய்யைச் சோதித்தார்கள். பாத்ராய் ஊரில் டிமீட்டரும் மகளும் நின்றிருக்க, கையா அமர்ந்த கோலத்தில் இருந்தாள். ஸ்பார்ட்டாவிலும் தெகேயாவிலும் அவளுக்கு இடங்கள் இருந்தன.

ஏதென்ஸில் அவள் தடங்கள் மிகுதி. அக்ரோபோலிஸின் அடிவாரத்தில் ‘பிள்ளை வளர்ப்பவள்’ என்ற பெயரில், பசும்பயிர்த் தெய்வமான டிமீட்டரோடு சேர்ந்து அவளுக்குத் திருவிடம் இருந்தது. மேலே பார்த்தனானுக்கு வடக்கே, மழை வேண்டி ஜீயஸை இறைஞ்சும் கோலத்தில் அவள் சிலை இருந்தது. ‘கனி தருபவளான மண்’ என்று பாறையில் வெட்டிய எழுத்து அங்கே இன்றும் உண்டு. ஒலிம்பிய ஜீயஸ் கோயில் வளாகத்தில் ஒரு முழ அகலத்துக்குத் தரை பிளந்திருந்தது. புராண நாயகன் டியூக்காலியோன் காலத்துப் பெருவெள்ளம் அதன் வழியே வடிந்ததாக நம்பினார்கள். ஆண்டுதோறும் தேனில் பிசைந்த கோதுமை மாவை அதில் இட்டார்கள்.

பாசனியாஸ் கண்டவற்றைவிட எளிய ஊர் வழக்கங்களைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. மராத்தோன் பகுதியின் கி.மு. 4ஆம் நூற்றாண்டுப் பலிப் பட்டியல், வயல்வெளியில் மண்ணுக்குச் சினைப்பசு ஒன்றைப் பலியிட வேண்டும் என்கிறது. ஒலிம்பஸ் தெய்வங்களுக்கு வழக்கமாகச் சினைப் பலி இல்லை. கருவுற்றிருக்கும் மண்ணுக்குக் கருவுற்ற விலங்கு. மிக்கோனோஸ் தீவின் பட்டியலில் நிலத்தடி ஜீயஸுக்கும் நிலத்தடி மண் தெய்வத்துக்கும் கறுப்பு விலங்குகள் குறிக்கப்பட்டுள்ளன. அந்நியர் அதில் கலந்துகொள்ளத் தடை இருந்தது. ஊர் மண்ணின் விளைச்சல் அந்த ஊராரின் வேண்டுதல் என்பது இதன் கருத்து.

பெற்றவளும் வாங்கிக்கொள்பவளும்

ஏதென்ஸ் மக்கள் தாங்கள் வேறெங்கிருந்தும் வந்து குடியேறாமல் அந்த மண்ணிலேயே முளைத்தவர்கள் என்று பெருமை பேசினர். அவர்கள் மூதாதை எரிக்தோனியஸ், கொல்லர் தெய்வமான ஹெஃபைஸ்டோஸின் வித்து தரையில் சிந்தியதால் பிறந்தவன். கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் குடுவை ஓவியங்களில், கையா தரையிலிருந்து இடுப்பளவு எழுந்து குழந்தையை அத்தீனாவின் கையில் கொடுக்கிறாள். தன்னை வளர்த்ததற்கு நன்றியாகக் கையாவுக்கு முதல் பலியிட்டவன் அவனே என்பது மரபு.

இந்த நம்பிக்கைக்கு அரசியல் எடை இருந்தது. கி.மு. 451இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டம், தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்றது. போரில் இறந்தோருக்கான புகழுரைகள், ஒரே மண்ணில் பிறந்தவர்கள் உடன்பிறப்புகள், ஆகவே சமமானவர்கள் என்று பேசின. பிளேட்டோவின் ‘மெனெக்செனஸ்’ கருவுறுவதிலும் பெறுவதிலும் மண்ணைப் பெண் பின்பற்றுகிறாளே தவிர, பெண்ணை மண் பின்பற்றவில்லை என்கிறது. ஆண்களுக்குச் சமத்துவம் தந்த அதே கதை, பெண்ணிடமிருந்து பிறப்பின் பெருமையை எடுத்து மண்ணுக்குக் கொடுத்துவிட்டதைப் பிரெஞ்சு ஆய்வாளர் நிக்கோல் லோரோ விரிவாக எழுதியிருக்கிறார். தாய்த்தெய்வத்தைப் போற்றும் சமூகம் பெண்களைப் போற்றியே தீரும் என்பதற்கு ஏதென்ஸ் மறுப்பு.

பெற்றவளே வாங்கிக்கொள்பவளும் ஆனாள். எஸ்கிலஸின் வேறொரு நாடகத்தில் அகமெம்னோனின் மகள் எலெக்ட்ரா தந்தையின் கல்லறையில் மண்ணை அழைக்கும்போது, எல்லாவற்றையும் ஈன்று வளர்த்து மீண்டும் வித்தாக ஏற்பவள் என்றே அழைக்கிறாள். இறந்தோருக்கான படையலில் பால், தேன், மது, நீர் ஆகியவற்றை மண்ணில் ஊற்றினார்கள். ஏதென்ஸில் மூதாதையர் நினைவான கெனேசியா விழாவில் அவளுக்குப் பலி கொடுக்கப்பட்டது. புதைத்து மூடிய மேட்டில் தானியம் விதைப்பது ஏதென்ஸின் பழைய வழக்கம் என்று சிசெரோ எழுதுகிறார்: இறந்தவருக்குத் தாய்மடி கிடைக்கிறது, மண் தூய்மையாகி மீண்டும் உயிருள்ளோருக்குப் பயன்படுகிறது.

மண்ணின் வேலையைப் பகிர்ந்த தெய்வங்கள்

கையாவின் வழிபாடு சிறிதாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், மண்ணின் வேலைகள் பல தெய்வங்களிடம் பிரிந்துகிடந்ததே. உழுத வயலின் தெய்வம் டிமீட்டர். உழவைத் தொடங்கும்போது நிலத்தடி ஜீயஸையும் டிமீட்டரையும் வேண்டச் சொல்கிறார் ஹெசியோட். மகள் பெர்சிஃபோனியைப் பாதாள அரசன் ஹேடிஸ் கவர்ந்துசென்றபோது டிமீட்டர் விளைச்சலை நிறுத்தி உலகைப் பட்டினி போட்டாள். அந்தக் கடத்தலுக்கு உதவியாக மயக்கும் மலரை முளைக்கவைத்தவள் கையா என்கிறது டிமீட்டரைப் பற்றிய பழந்துதி. இருவரும் ஒருவரே என்றால் இந்தக் கதையே நடக்காது. எலியூசிஸில் டிமீட்டரின் மறைச் சடங்குகள் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நடந்தன. அவளுக்குரிய தெஸ்மோஃபோரியா விழாவில் பெண்கள் மட்டும் கூடினர். குழிகளில் இட்ட பன்றிக்குட்டிகளின் மக்கிய எச்சத்தை எடுத்துப் பலிபீடத்தில் வைத்து, விதையோடு கலந்து விதைக்க எடுத்துச்சென்றனர்.

மலையும் காடும் மேட்டர் என்னும் பெருந்தாயின் ஆட்சி. இவள் அனத்தோலியாவின் ஃப்ரிஜியாவிலிருந்து வந்தவள். கிபெலி என்றும் அழைக்கப்பட்டாள். சிங்கம், பறை, உன்மத்த ஆட்டம் ஆகியவை இவள் அடையாளங்கள். கிரேக்கர்கள் இவளை ரியாவோடு ஒன்றாக்கினர். ஏதென்ஸ் சந்தைவெளியில் இருந்த இவள் கோயிலில்தான் நகரத்தின் சட்டங்களும் ஆவணங்களும் காக்கப்பட்டன.

எல்லாரும் ஒருவரே என்று சொன்ன கிரேக்கர்களும் உண்டு. யூரிப்பிடிஸின் ‘பக்காய்’ நாடகத்தில் முதிய குறிகாரன் டிமீட்டரே மண் என்கிறான். 1962இல் தெசலோனிக்கி அருகே பாதி எரிந்த நிலையில் கிடைத்த டெர்வேனி பப்பைரஸின் ஆசிரியர், மண், தாய், ரியா, ஹீரா எல்லாம் ஒரே தெய்வம் என்று விளக்குகிறார். இவை அறிஞர்களின் பொருள்கோள். ஊர்ப் பலிப் பட்டியல்களிலோ ஒவ்வொருத்திக்கும் தனி நாள், தனி விலங்கு.

ஒரே ஆதித்தாயா?

கிரேக்கப் பெண் தெய்வங்கள் அனைவருக்கும் பின்னால் ஒரே மண் தெய்வம் இருந்தாள் என்ற கருத்தை 1849இல் ஜெர்மானிய அறிஞர் எட்வார்ட் கெர்ஹார்ட் முன்வைத்தார். 1861இல் அறிஞர் பாகோஃபென் தந்தையாட்சிக்கு முன் தாயாட்சி நிலவியது என்று எழுதினார். 1900இல் அகழாய்வாளர் ஆர்தர் எவன்ஸ் கிரீட்டின் நோசஸ் அரண்மனையைத் தோண்டத் தொடங்கி, கிடைத்த பெண் உருவங்களை ஒரு பெருந்தெய்வத்தின் வடிவங்களாகக் கண்டார். ஜேன் ஹாரிசன் 1903இலும் ஆல்பிரெஷ்ட் டீட்டரிஷ் 1905இலும் இதற்கு மேலும் வலுச்சேர்த்தனர். 1974இல் மரியா கிம்புட்டாஸ் புதிய கற்கால ஐரோப்பாவின் சிற்றுருவங்களை வைத்து இக்கருத்தை மீண்டும் எழுப்பினார்.

மறுப்பும் வந்தது. ஆய்வாளர் பீட்டர் உக்கோ 1968இலேயே இத்தகைய சிற்றுருவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பல உருவங்களில் பாலினமே தெளிவில்லை, ஆண் உருவங்களும் விலங்குகளும் உண்டு, பயன்பாடும் ஒரே மாதிரி இருந்திருக்காது என்று காட்டினார். மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் படித்துக்காட்டிய, மைசீனியக் காலக் களிமண் பலகைகளின் லீனியர் பி எழுத்துகளில் ‘தலைவி’ எனப் பல பெயர்களில் தெய்வங்கள் வருகிறார்கள். பைலோஸ் பலகை ஒன்றில் ‘தெய்வத்தாய்’ இருக்கிறாள். தீப்ஸ் பலகைகளில் வரும் ஒரு பெயரை மண் தாய் என்று சிலர் படித்தது இன்னும் சர்ச்சையில் உள்ளது. அதே காலப் பலகைகளில் ஜீயஸும் போசைடனும் இருக்கிறார்கள். ஆண் தெய்வங்கள் அற்ற ஒரு தாய்க் காலத்தை எழுத்துச் சான்று எதுவும் காட்டவில்லை. கிரேக்கச் சமயம் பற்றி 1977இல் விரிவான நூல் எழுதிய வால்ட்டர் புர்க்கெர்ட், நடைமுறை வழிபாட்டில் கையாவின் பங்கு அடக்கமானதே என்று மதிப்பிட்டார்.

அடக்கமானது என்ற சொல்லைக் கோயில்களின் கணக்குக்கு ஏற்கலாம். சத்தியமும் உழவும் பிறப்பும் இறப்பும் கோயிலுக்கு வெளியே நடப்பவை. அங்கெல்லாம் அவள் பெயர் ஒலித்தது.

1970களில் அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக், நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங் சொன்னபடி, பூமி தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும் ஓர் அமைப்பு என்ற தன் கருதுகோளுக்குக் கையாவின் பெயரை வைத்தார். அன்று முதல் சுற்றுச்சூழல் பேச்சில் அந்தப் பெயர் கருணையின் அடையாளமாகப் புழங்குகிறது. பெயரை எடுத்துக்கொள்பவர்கள் அந்தத் தெய்வத்தை முழுதாக எடுத்துக்கொள்ளவேண்டும். கிரேக்கர்கள் அறிந்த கையா உணவு தந்தாள், சாட்சி சொன்னாள், இறந்தோரை ஏற்றாள். தன் பிள்ளைகளை நசுக்கிய ஆட்சிகளை எதிர்த்து ஆயுதமும் செய்தாள். பொய்ச் சத்தியம் செய்பவனும் நிலத்தை அடிமைப்படுத்துபவனும் அஞ்சவேண்டிய தாய் அவள். அவளைப் பற்றிய எந்த மதிப்பீடும் இந்த அச்சத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் நேர்மையானதாகும்.